கரப்பான் பண்டம்

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து தடுப்பூசிக்குத் தூக்கிப்போன நாள். தராசு 6 கிலோ 750 கிராம் காட்டியது. நர்சம்மா தாய் சேய் அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, “பச்சையிலதான் இருக்குதுங்க, பயப்பட வேண்டாம்” என்றார். அந்த நேரத்துக்கு எனக்கும் அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் ஊசி போட்ட சோர்வில் பாப்பா என் மடியிலேயே தூங்கிப்போனாள். எழுந்திருக்க வழியில்லாமல் பக்கத்தில் கிடந்த அட்டையைப் பிரித்தேன். ஆறாம் மாதம் 6.7. ஏழில் 6.8. எட்டிலும் 6.8. இப்போது 6.75. நான்கு புள்ளிகளையும் பேனாவால் இழுத்துச் சேர்த்தேன். அச்சடித்த கோடுகளெல்லாம் வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. என் பிள்ளையின் கோடு மட்டும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது.

அந்த வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலை வைத்துப் போட்டது. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து வரைந்தார்கள். நம் நாட்டுக் குழந்தைகளை அளந்தது டெல்லியில். ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 8.2 கிலோ, பச்சைப் பட்டையின் அடி விளிம்பு 6.5 கிலோ. அந்த விளிம்புக்குக் கால் கிலோ மேலே இருந்ததால் அவள் பச்சை. பிறந்தபோது 2 கிலோ 900. ஆறு மாதம் வரைக்கும் தன் தடத்தில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தவள், சோறு ஊட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து நின்றுபோயிருக்கிறாள். சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த பிறகு எடை நின்றது என்றால், நான் கொடுத்த சாப்பாட்டில்தானே ஏதோ இருக்கிறது? அன்று ராத்திரி தூங்கவில்லை. தூக்கம் என்பது எங்கள் வீட்டில் அதற்கும் ஆறு மாதம் முன்பே போய்விட்டது, அது வேறு கதை. இல்லை, அதுவும் இதே கதைதான்.

இரண்டரை மாதத்தில் கன்னத்தில் சிவப்பாக ஆரம்பித்தது. முதலில் சொரசொரப்பு, பிறகு ஈரம், பிறகு நீர் வடிந்து காய்ந்த மஞ்சள் பொருக்கு. நெற்றி, காது மடலுக்குக் கீழே, முழங்கை, கெண்டைக்கால் என்று இறங்கியது. கையால் சொறியத் தெரியாத வயதில் என் தோளில் கன்னத்தை வைத்துத் தேய்ப்பாள். என்னுடைய ரவிக்கைகள் எல்லாவற்றிலும் இடது தோளில் வெளிறிய மஞ்சள் கறை இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. கை வசப்பட்ட பிறகு இரவு முழுக்க சொறி. பஞ்சுத் துணியில் உறை தைத்து இரண்டு கையிலும் கட்டிவிடுவோம், விடியும்போது ஒன்று அவிழ்ந்து கிடக்கும், தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருப்பார். “நீ சித்த படு கண்ணு, நா பாத்துக்கறேன்” என்பார். அறுபத்து மூன்று வயதில் அத்தனை இரவு கண் விழித்தவர் அவர். இதற்குப் பிறகு நான் எழுதப்போவதை அவர்மேல் சொல்லும் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கம் எக்ஸிமா என்ற இந்தத் தோல் அழற்சிக்குக் கரப்பான் என்றுதான் பேர். அதே சொல்லை உணவுக்கும் வைத்திருக்கிறோம். கத்திரிக்காய் கரப்பான். கருவாடு கரப்பான். கம்பு, சோளம், வரகு, வாழைக்காய், பாகற்காய், மீன் வகையில் கெளுத்தி, எல்லாம் கரப்பான் பண்டம். சித்த மருத்துவத்தில் பத்தியம் சொல்லும்போது வரும் பட்டியல் இது. சொறி, சிரங்கு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது என்று பாட்டி காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு தெரியும். நோய்க்கும் சாப்பாட்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், குழந்தைக்குத் தோலில் ஏதாவது வந்ததுமே நம் கண் தட்டுக்குத்தான் போகிறது. தோலுக்கு என்ன போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதை நிறுத்தலாம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் என் சாப்பாட்டில். தாய்ப்பால் கொடுப்பதால் நான் தின்பது அவளுக்குப் போகும் என்று கத்திரிக்காய், மீன், கருவாடு போயின. சரியாகவில்லை. முட்டை போயிற்று. கடலைக்காய் போயிற்று. பிறகு யாரோ சொல்லிப் பால், தயிர், மோர். ஆறாம் மாதம் அவளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கியபோது பட்டியல் இன்னும் நீண்டது. ராகி ‘சூடு’, துவரம்பருப்பு ‘வாயு’, நெய் ‘பால் சம்பந்தம்’. அதற்கு நடுவில் ஈரோட்டில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து நாற்பது உணவுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்தோம். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை, கத்திரிக்காய் என்று ஒன்பது இடத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. கத்திரிக்காயைப் பார்த்ததும் அத்தை, “நாஞ் சொன்னேனில்ல” என்றார். அந்தத் தாளை லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன்.

அதோடு மிஞ்சியது அரிசிக் கஞ்சி, ரசத் தண்ணீரில் கரைத்த சோறு, வேகவைத்த ஆப்பிள். இது தவிர என் பால். அந்த என் உடம்பும் ஏழு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கியிருந்தது.

கோவையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே பாப்பாவின் ஜட்டியை அவிழ்த்து ஆசனவாயைச் சுற்றியும், பிறகு உதட்டைச் சுற்றியும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எதற்கென்று பிறகு சொன்னார். துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் கரப்பான் மாதிரியே புண் வரும், அது அந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொள்ளும், மருந்து வேறு. இவளுக்கு அது இல்லை. அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். ராத்திரி எத்தனை தடவை எழுகிறாள்? களிம்பு ஒரு ட்யூப் எத்தனை நாள் வருகிறது? நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள்?

ஆறேழு தடவை. முப்பது கிராம் ட்யூப் ஒரு மாதம் வரும். மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். கஞ்சி அரை டம்ளர். ரச சோறு நாலு கரண்டி. அரை ஆப்பிள். ராத்திரி மறுபடி கஞ்சி. நீர்த்த அரிசிக் கஞ்சி நூறு மில்லியில் நாற்பது கலோரி தேறினால் அதிகம் என்றார். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து மட்டும் நாளுக்கு 300 கலோரி அளவுக்கு வேண்டும். கூட்டிப் பார்த்ததில் பாதிகூடத் தாண்டவில்லை. இரும்பு கிட்டத்தட்ட இல்லை. தாயின் வயிற்றில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறு மாதம்வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்து வந்தாக வேண்டும். அன்று எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபினும் குறைவு, 8.9தான்.

அவர் அதட்டவில்லை. “புண்ணான தோல் சும்மா இருக்காதும்மா, அதுவும் சாப்பாடு கேக்கும்” என்றார். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அழற்சி உள்ள தோல் வழியாக உடம்புச் சூடும் நீரும் வெளியேறுகின்றன. கடுமையாக நீர் வடியும் கைக்குழந்தைகளுக்குப் புரதமே தோல் வழியாகக் கசிந்து, ரத்தத்தில் புரத அளவு இறங்கிப்போவது உண்டு. தூங்காத குழந்தைக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. சொறிந்து சொறிந்து களைத்த பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் தூங்கிவிடும், வயிறு நிறையக் குடிக்காது. இத்தனை வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, வருகிற ஒரே வழியையும் நான் அடைத்துவைத்திருந்தேன்.

அந்த ‘பாசிட்டிவ்’ தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால், உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமலே இருக்கலாம். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இப்படிப் பொய்யாகக் காட்டுவது மிக அதிகம். ஓரளவு கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்மையான உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் என்ன ஆனது என்ற கதையும், தேவைப்பட்டால் மருத்துவர் முன்னால் ஊட்டிப் பார்ப்பதும்தான் வழி. ஆய்வகத் தாளை வைத்து ஒன்பது உணவை நிறுத்த வேண்டியதே இல்லை.

2001இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் எழுதிய ஓர் அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 22 மாத ஆண் குழந்தை. நாள்பட்ட எக்ஸிமா. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, பாலுக்குப் பதிலாக அரிசியில் செய்த பானத்தையே முக்கிய உணவாகக் கொடுத்திருக்கிறார்கள். வசதியான நாடு, படித்த வீடு, கடையில் ஆரோக்கிய பானம் என்று விற்றது. குழந்தைக்கு வந்தது குவாஷியோர்கர். கை கால் வீங்கி, தோல் உரிந்து, ரத்தத்தில் புரதம் வற்றிப்போகும் நோய். பஞ்சப் பிரதேசத்துக் குழந்தைகளின் படங்களில் நாம் பார்த்திருப்போமே, அதே நோய். கானாவின் கா மொழியிலிருந்து வந்த பெயர் அது. அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். 1935இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதியபோது அந்தத் தாய்மார்களின் சொல்லையே நோய்க்குப் பெயராக வைத்தார். அரிசித் தண்ணீரில் ஒரு குழந்தையை வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வீட்டு அடுப்பிலும் அதே தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

தள்ளிப்போட்டால் நல்லது என்ற எண்ணம் நம் பாட்டிகளுடையது மட்டுமில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டை இரண்டு வயதுவரை வேண்டாம், வேர்க்கடலை மூன்று வயதுவரை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2008இல் அதைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் குழந்தைகளையும் ஒப்பிட்டது. கடலையைத் தள்ளிப்போட்ட இங்கிலாந்தில் கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம், ஒரு வயதுக்கு முன்பே கடலைப் பொரி தின்று வளரும் இஸ்ரேலில் 0.17 சதவீதம். இதைத் தொடர்ந்து லண்டனில் கிடியன் லேக் என்பவரின் குழு கடுமையான எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 கைக்குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் கடலையைத் தொடர்ந்து கொடுத்து, மீதிப் பேருக்கு அறவே நிறுத்தி, ஐந்து வயதுவரை பார்த்தது. 2015இல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை, தின்றவர்களில் 3 சதவீதம் பேருக்கு. என் மகளைப் போன்ற குழந்தைகளிடம்தான் இதைச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஏன் இப்படி? லேக் சொல்லும் விளக்கம் எளிமையானது. வாய் வழியாக வரும் உணவை உடம்பு பழகிக்கொள்கிறது. விரிசல் விட்ட தோல் வழியாக வரும் உணவைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு எக்ஸிமா அதிகம் வருகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். சுவரில் சாந்து பெயர்ந்த வீடு மாதிரி அந்தத் தோல். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைத் தேய்த்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதுவரை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்த கோதுமையே ஒத்துக்கொள்ளாமல் போனது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் குளியலறை ஞாபகம் வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து பாப்பாவை நாங்கள் பயத்தமாவும் கடலைப்பருப்பு மாவும் தேய்த்துத்தான் குளிப்பாட்டினோம், புண் இருந்த இடத்திலும். வாய்க்கு மறுத்ததைத் தோலில் பூசியிருக்கிறோம். நல்ல தோல் உள்ள பிள்ளைக்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. நீர் வடிகிற தோலில் வேண்டாம் என்று மட்டும், இதைப் படிக்கிற அம்மாக்களிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சை என்று பார்த்தால் புதிதாக ஒன்றுமே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம். துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்பே உடம்பு முழுக்கப் பாரஃபின் களிம்பு. வாரத்துக்கு நூறு கிராமுக்குக் குறையக்கூடாது. நான் ஒரு மாதம் ஓட்டிய அளவு இரண்டு நாளுக்குத்தான் காணும். சிவந்த இடத்துக்கு மிதமான ஸ்டீராய்டு களிம்பு. பெரியவர் விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் விரல்களோடு சேர்த்து அவருடைய இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். ஸ்டீராய்டு போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பயந்து, இதற்கு முன் எழுதிக்கொடுத்ததை நான் அலமாரியில் பூட்டிவைத்திருந்தேன். வீரியமான மருந்தை உடம்பெல்லாம் மாதக்கணக்கில் பூசினால் அந்தப் பயத்துக்கு இடம் உண்டு. மிதமானதைச் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் இல்லை. என் பிள்ளையின் வளர்ச்சி நின்றது அந்த ட்யூப் பூட்டிக் கிடந்த காலத்தில்தான். பத்தாம் நாள் கன்னம் தெளிந்தது. பதினான்காம் நாள் அவள் ஒரேயடியாக ஐந்து மணி நேரம் தூங்கினாள். நான் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

நிறுத்திவைத்த உணவுகளை நாங்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். தின்றுகொண்டிருந்ததை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை வந்த குழந்தைகள் உண்டு. அதனால் சந்தேகத்துக்குரியவற்றை ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து ஊட்டினோம். தயிர் ஒரு சொட்டு, கால் ஸ்பூன், அரை ஸ்பூன், இரண்டு மணி நேரம் காத்திருப்பு. ஒன்றும் இல்லை. வேறொரு நாள் வறுத்து அரைத்த கடலையைத் தண்ணீர்விட்டுக் குழைத்து. ஒன்றும் இல்லை, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள். வேகவைத்த முட்டையை மூன்றாவது வாயில் துப்பினாள். இருபது நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடித்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அங்கேயே மருந்து கொடுத்துச் சரி செய்தார்கள். ஆக, ஒன்பதில் ஒன்று உண்மை. அந்த ஒன்றை நிறுத்தும்போதே டாக்டர் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார்: முட்டைக்கு ஈடாகப் பருப்பு, கடலை, கோழிக்கறி, வாரத்துக்கு ஒரு நாள் சிறிது ஆட்டு ஈரல். எதையாவது தட்டிலிருந்து எடுக்கச் சொல்லும் யாரையும் இப்போது நான் கேட்பது இதைத்தான். அதற்குப் பதில் என்ன வைக்க வேண்டும்? பதில் சொல்லத் தெரியாதவர் பேச்சைக் கேட்பதில்லை.

அடுப்பில் மாற்றம் செய்தவர் அத்தைதான். முதல் வாரம் பேசாமல் இருந்தார். அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் காலையில் கடலைக்காய் வறுபடும் வாசனை வந்தது. தொலி நீக்கி, மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் கக்கும் என்று உரலில் இடித்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்து, ஒரு பருக்கைகூட இல்லாமல் மாவாக்கி டப்பாவில் போட்டார். முழுக் கடலையும் உடைத்த கடலையும் கைக்குழந்தை வாய்க்கு ஆபத்து, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று நான் சொன்னதை அவர் இரண்டு தடவை சலித்து நிறைவேற்றினார். ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி அதில் இரண்டு ஸ்பூன் அந்தக் கடலைக்காய் மாவு, கொஞ்சம் நெய். கரண்டியைச் சாய்த்தால் கூழ் வழியக்கூடாது, அதுதான் பதம். மத்தியானம் பருப்பும் சோறும் கீரையும் குழைத்து, மேலே ஒரு ஸ்பூன் நெய். அந்த ஒரு ஸ்பூனிலேயே நாற்பத்தைந்து கலோரி, முன்பு அரை டம்ளர் கஞ்சியில் இருந்ததற்குக் கிட்டத்தட்ட சமம். கூடவே இரும்புச் சொட்டு மருந்து. நானும் தயிர், மீன், கத்திரிக்காய் எல்லாம் சாப்பிடத் தொடங்கினேன். எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்த பிறகு அத்தை மூன்று நாள் பாப்பாவின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டார்.

முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பங்குனி வெயிலில் முழங்கால் மடிப்பில் மறுபடி சிவந்தது. பல் முளைத்தபோது தாடையில் வந்தது. வரும்போது களிம்பைக் கூட்டுகிறோம், தட்டைத் தொடுவதில்லை.

முதல் பிறந்தநாளுக்கு மறுநாள் அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனோம். தொங்கு தராசில் போட்டதும் கத்தினாள், காலை உதைத்தாள், முள் நிற்கவே இல்லை. டீச்சர் மூன்று தடவை பார்த்து 8 கிலோ 100 என்று எழுதினார். நான் வாய்விட்டுச் சொல்லப் போனேன். அத்தை என் கையை அழுத்திவிட்டார், பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், கண்ணு பட்டுவிடும் என்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் கேட்டார்: “எத்தன கண்ணு? சரியாச் சொல்லு.”

முட்டை மட்டும் இன்னும் பாக்கி. ஒன்றரை வயதில் மறுபடி உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.